தூக்குமரத்தில் பெயர், கையில் மணிமுடி: ஆன்ட்ராஷியின் ஊர்களில்

திங்கள், கோஷிட்சே

இந்தப் பயணம் முழுக்க ஒரே மனிதரைப் பற்றியது. ஜூலா ஆன்ட்ராஷி, 1823 மார்ச் 3 அன்று பிறந்த ஹங்கேரியப் பிரபு. 1848இல் ஹங்கேரியை வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்தார். 1851இல் அவர் கைக்குக் கிடைக்காததால் அவர் பெயரைத் தூக்கிலிட்டார்கள். 1867இல் அதே பேரரசரின் தலையில் ஹங்கேரியின் மணிமுடியை வைத்தார். 1871இலிருந்து எட்டு ஆண்டுகள் அந்தப் பேரரசின் வெளியுறவு அமைச்சராக ஜெர்மனியின் பிஸ்மார்க்கோடு சரிசமமாக உட்கார்ந்து பேசினார். இவ்வளவும் ஒரே ஆயுளில் எப்படி நடந்தது என்ற கேள்வி பல நாளாக மனதில் இருந்தது. புத்தகத்தில் படித்ததை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

புடாபெஸ்டில் ரயில் ஏறி, நான்கு மணி நேரத்துக்குள் கோஷிட்சே. இன்று இது ஸ்லோவாக்கியாவின் இரண்டாவது பெரிய நகரம். அவர் காலத்தில் ஹங்கேரி அரசைச் சேர்ந்த கஷ்ஷா. ஆன்ட்ராஷி குடும்பத்தின் கோட்டைகளும் மாளிகைகளும் இந்தப் பக்கத்து மலையடிவாரங்களில்தான் இருக்கின்றன. பெயர் பெற்றது க்ராஸ்னா ஹோர்கா கோட்டை. 2012 மார்ச்சில் மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பற்றிய தீ மேலேறி அதன் கூரைகளை எரித்துவிட்டது. சாலையிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பெட்லியார் மாளிகைக்குப் போனேன்.

பெட்லியார் ஜூலாவுடைய வீடு அல்ல, அவருடைய அண்ணன் மனோவுடையது. இரும்பாலைகள் நடத்தியவர், கேலிச்சித்திரம் வரைபவர், வேட்டைக்காரர். நம்மவர்களுக்கு இந்த அண்ணனிடம் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. தம்பி புரட்சிப் போரில் நின்ற காலத்தை ஒட்டி அண்ணன் கிழக்கே பயணம் போயிருந்தார். இலங்கை, ஜாவா, சீனா, வங்காளம் என்று சுற்றி, பார்த்ததைப் படங்களோடு 1853இல் புத்தகமாக வெளியிட்டார். கொழும்புக்குக் கப்பலில் போவது இன்றுபோல் எளிதாக இல்லாத நாட்கள், சூயஸ் கால்வாய் திறக்கவே இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. மாளிகைக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். அறை அறையாக மான்கொம்புகளும் ஆயுதங்களும் கீழைநாட்டுப் பொருட்களும். இவற்றுக்கு நடுவே எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. இவர்கள் அப்பா என்று குறிப்பாக இல்லை, பிள்ளைகளை இப்படி வெளியுலகத்துக்கு அனுப்பிய அப்பாக்களைப் பற்றிய பொது நினைப்பு. இவர்களுடைய அப்பா காரோய் ஆன்ட்ராஷி அரசரை எதிர்த்துப் பேசும் தாராளவாதக் கட்சிக்காரர். வீட்டில் அரசியல் பேச்சு குறைவில்லாமல் இருந்திருக்கும்.

ஜூலாவின் முதல் பொதுவேலை அரசியல் மேடை இல்லை, ஆறு. 1845இல், இருபத்திரண்டு வயதில், டிசா ஆற்றைச் சீர்படுத்தும் சங்கம் ஒன்றுக்குத் தலைவரானார். சீர்திருத்தவாதி சேச்செனி அப்போதே இவரைக் கவனித்து, ‘நீ எதுவாகவும் ஆகலாம், பாலட்டீனாகக்கூட’ என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. பாலட்டீன் என்பது அரசருக்கு அடுத்த பதவி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், புடாபெஸ்டில் தேவைப்படும்.

செவ்வாய், ட்ரெபிஷோவ்

கோஷிட்சேயிலிருந்து கிழக்கே ஒரு சிறிய ரயில் பயணம். ட்ரெபிஷோவ் பூங்காவுக்குள் ஆன்ட்ராஷியின் கல்லறை மண்டபம் நிற்கிறது. கோத்திக் பாணியில் ஆர்தர் மைனிக் வடிவமைத்து 1893இல் முடிந்தது. உள்ளே சலவைக்கல் பேழையைச் செதுக்கியவர் ஜோர்ஜி ஸாலா. மனைவி கதின்காவும் இங்கேதான்.

முடிவை முதலில் பார்க்கிறேன் என்று தெரிந்துதான் வந்தேன். 1890 பிப்ரவரி 18 அன்று அத்ரியாட்டிக் கடலோரத்தில், இன்றைய குரோஷியாவில் இருக்கும் வோலோஸ்கோவில் இறந்தார். அங்கிருந்து புடாபெஸ்ட், பிறகு இந்த ஊர். இறந்த ஊர் இன்று ஒரு நாட்டில், புதைத்த ஊர் இன்னொரு நாட்டில், அவர் ஆண்ட தலைநகரம் மூன்றாவது நாட்டில். அவர் கண்ட நாடு ஒன்றே ஒன்றுதான்.

பூங்காவில் உட்கார்ந்து யோசித்ததில் ஒரு விஷயம் உறுத்தியது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அன்றும் ஸ்லோவாக்கிய மொழி பேசியவர்கள் நிறைய. ஆன்ட்ராஷி பிரதமராக இருந்தபோது, 1868இல், தேசிய இனங்கள் பற்றிய சட்டம் வந்தது. உள்ளூர் நிர்வாகத்திலும் பள்ளியிலும் அவரவர் மொழிக்கு இடம் கொடுத்தது. அந்தக் கால ஐரோப்பாவில் அது தாராளமான சட்டம்தான். ஆனால் அதன் முன்னுரை, நாட்டில் ஒரே ஓர் அரசியல் தேசம்தான் உண்டு, அது பிரிக்க முடியாத ஹங்கேரியத் தேசம் என்று அறிவித்தது. மொழி உரிமை கேட்டால் தரலாம், தன்னாட்சி கேட்டால் கிடையாது என்பதுதான் பொருள். ஆன்ட்ராஷி வியன்னாவுக்குப் போன பிறகு அந்தத் தாராளமும் தேய்ந்தது. ஸ்லோவாக்கியர்களின் பண்பாட்டு அமைப்பான மாட்டிட்சா ஸ்லோவென்ஸ்காவை 1875இல் மூடினார்கள். தன் மக்களுக்காக வியன்னாவிடம் எதைக் கேட்டாரோ, அதைத் தன் நாட்டுக்குள் இருந்தவர்கள் கேட்டபோது அவரும் அவரைப் போன்றவர்களும் தரவில்லை. அவர் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனால்தான் இது வலிக்கிறது.

புதன், பெஸ்ட்

ஆன்ட்ராஷி சாலைக்குப் போவதற்கு முன் சுதந்திரச் சதுக்கத்துக்குப் போனேன். இன்று மரங்களும் நீரூற்றும் இருக்கும் இந்த இடத்தில் அன்று ‘புதுக் கட்டடம்’ என்ற பெரிய ராணுவக் குடியிருப்பும் சிறையும் இருந்தன. 1897இல்தான் இடித்தார்கள். ஹங்கேரியின் முதல் பிரதமர் லாயோஷ் பட்யானியை 1849 அக்டோபர் 6 அன்று இங்கே சுட்டுக் கொன்றார்கள். பக்கத்துத் தெருமுனையில் அவர் நினைவாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

அந்த 1848–49 போரில் ஆன்ட்ராஷியின் பங்கு சின்னதல்ல. ஸெம்ப்ளேன் மாவட்டத்தின் தலைமை அதிகாரி அவர். அந்த மாவட்டத்துக் காவற்படையோடு ஷ்வெகாட் போரில் நின்றார். தளபதி கெர்கேயியிடம் துணை அதிகாரியாக இருந்தார். 1849இல் புரட்சித் தலைவர் கோஷூத்தின் அரசு அவரைக் கான்ஸ்டான்டினோபிளுக்கு, இன்றைய இஸ்தான்புல்லுக்கு, அனுப்பியது. துருக்கி உதவ வேண்டும், முடியாவிட்டால் நடுநிலையாவது வகிக்க வேண்டும் என்று கேட்பதற்காக. ராஜதந்திரியாக அவருடைய முதல் வேலை இதுதான்: தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு நாட்டுக்காக சுல்தானின் வாசலில் போய் நிற்பது. அவர் அங்கே இருக்கும்போதே ஆகஸ்ட் 13 அன்று விலாகோஷில் ஹங்கேரியப் படை ரஷ்யர்களிடம் சரணடைந்தது. ஊர் திரும்ப வழியில்லை. லண்டன், பிறகு பாரிஸ்.

1851 செப்டம்பரில் கோஷூத் உள்ளிட்ட முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைப் பலகைகளில் எழுதி இந்தப் புதுக் கட்டடத்தின் பின்னால் தூக்குமரத்தில் மாட்டினார்கள். ஆன்ட்ராஷியின் பெயரும் அதில் ஒன்று. பாரிஸ் சீமாட்டிகள் இதைக் கேட்டு அவரை ‘அழகான தூக்குக்கைதி’ என்று அழைத்தார்களாம். எல்லா வரலாற்றுப் புத்தகமும் சிரித்தபடி சொல்லும் கதை இது. எனக்கு அந்தப் பலகைதான் கண்ணில் நிற்கிறது. வீட்டில் அம்மா இருக்கிறார், ஊரில் பிள்ளையின் பெயர் தூக்கில் தொங்குகிறது.

அந்த நாடுகடந்த வாழ்க்கைதான் அவரை மாற்றியது என்று நினைக்கிறேன். கோஷூத் தனி நாடு என்பதில் உறுதியாக நின்றார். ஆன்ட்ராஷியோ லண்டனிலும் பாரிஸிலும் அமைச்சர்கள் எப்படிப் பேசுகிறார்கள், யாருக்கு யார் மேல் பயம் என்று பக்கத்திலிருந்து பார்த்தார். ஹங்கேரிக்காக எந்த வல்லரசும் ரஷ்யாவோடு போருக்கு வராது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. 1856இல் பாரிஸில் கதின்கா கெண்டெஃபியைத் திருமணம் செய்தார். 1850களின் இறுதியில் மன்னிப்புப் பெற்று ஊர் திரும்பினார். வியன்னாவோடு சமரசம் தேடிய தலைவர் ஃபெரென்ட்ஸ் டேயாக்கின் பக்கம் சேர்ந்தார்.

மாலையில் ஆன்ட்ராஷி சாலை. எர்ஷேபெட் சதுக்கத்திலிருந்து வீரர் சதுக்கம் வரை இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தொடக்கத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும் மாடிக் கட்டடங்கள், அக்டகோன் தாண்டியதும் சாலை அகலமாகி மரவரிசை கூடுகிறது, கடைசியில் தோட்டம் வைத்த மாளிகைகள். 1870இல் தலைநகரப் பொதுப்பணி மன்றம் என்ற ஒன்றை லண்டன் மாதிரியில் அமைக்க முன்னின்றவர் பிரதமர் ஆன்ட்ராஷி. இந்தச் சாலை அந்த மன்றத்தின் வேலை. 1876இல் திறந்தார்கள், 1885இல் அவர் பெயர் வைத்தார்கள். சாலைக்கு அடியில் 1896இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயிலில் இன்றும் அதே சின்னச் சின்ன நிலையங்கள், படி இறங்கியதுமே நடைமேடை. சாலைக்கு இடையில் ஸ்டாலின் பெயர் வைத்தார்கள், 1956 எழுச்சியின்போது ‘ஹங்கேரிய இளைஞர் சாலை’ ஆனது, பிறகு ‘மக்கள் குடியரசுச் சாலை’ ஆனது, 1990இல் பழைய பெயர் திரும்பியது. காலையில் அண்ணாந்து பார்த்துப் போகிறவர்களும் மாலையில் நாயோடு நடப்பவர்களும் ‘ஆன்ட்ராஷி’ என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். கடல் இல்லாத நகரத்துக்கு இந்தச் சாலைதான் கடற்கரை.

வியாழன், புடா

இன்றுதான் பயணத்தின் நடுமையம்.

நாடாளுமன்றத்துக்குத் தெற்கே ஆன்ட்ராஷியின் குதிரைச் சிலை. ஸாலா செய்த மூலச்சிலை 1906இல் வைக்கப்பட்டது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகற்றி உருக்கிவிட்டார்கள். அந்த வெண்கலமும் கெர்கேயி சிலையின் வெண்கலமும் ஸ்டாலின் சிலைக்குப் போனதாகச் சொல்வார்கள். அந்த ஸ்டாலின் சிலையை 1956 அக்டோபரில் மக்கள் இழுத்துத் தள்ளினார்கள். இப்போது நிற்பது 2016இல் வைத்த புதிய வார்ப்பு. பீடத்தின் இரு பக்கமும் இரண்டு காட்சிகள்: ஒன்று 1867 முடிசூட்டு விழா, மற்றது 1878 பெர்லின் மாநாடு. அவர் வாழ்க்கையை இரண்டு படத்தில் சொல்லச் சொன்னால் நானும் இவற்றையே எடுப்பேன்.

சங்கிலிப் பாலம் தாண்டி, மேலே ஏறி, மத்தியாஸ் தேவாலயம் வந்தேன்.

1866 ஜூலை 3 அன்று கோனிக்ரேட்ஸில் பிரஷ்யா ஆஸ்திரியாவை நொறுக்கியது. பேரரசர் ஃபிரான்ஸ் யோசேஃப் டேயாக்கை அழைத்து, இப்போது ஹங்கேரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். போருக்கு முன் கேட்டதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றார் டேயாக். பொறுப்பு ஏற்க யார் என்று கேட்டபோது ஆன்ட்ராஷியைக் காட்டினார். எதிரி விழுந்து கிடக்கும்போது விலையை ஏற்றாமல் இருப்பது சாதாரண விஷயமில்லை. பதினைந்து ஆண்டுக்கு முன் தன் பெயரைத் தூக்கில் மாட்டியவரிடம் ஆன்ட்ராஷி அந்த நிதானத்தோடு உட்கார்ந்து பேசினார். அவருடைய அரசியலில் நான் மிகவும் மதிப்பது இந்த இடம்தான். கேட்க முடிகிற அளவு கேட்கவில்லை, நிலைக்கிற அளவு கேட்டார்.

கிடைத்தது என்ன? இரண்டு நாடாளுமன்றம், இரண்டு அரசாங்கம், ஒரு அரசர். பொதுவாக மூன்றே அமைச்சகங்கள்: வெளியுறவு, போர், அந்த இரண்டுக்குமான நிதி. அவற்றைக் கண்காணிக்க இரு நாடாளுமன்றமும் அறுபது அறுபது பேரை அனுப்பும். ஒரு வருடம் வியன்னாவில், மறு வருடம் ஹங்கேரித் தலைநகரில் கூடுவார்கள். ஆனால் ஒரே அறையில் உட்கார மாட்டார்கள், கடிதம் எழுதிக்கொள்வார்கள். மூன்று முறை கடிதம் போய்வந்தும் முடிவாகவில்லை என்றால் ஒன்றாகக் கூடி, பேசாமல், வாக்கு மட்டும் போடுவார்கள். பொது நாடாளுமன்றம் ஒன்று தலைதூக்கி ஹங்கேரியை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடு. பொதுச் செலவில் நூற்றுக்கு எழுபது பங்கு ஆஸ்திரியா, முப்பது பங்கு ஹங்கேரி. இதைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பேச வேண்டும். படிக்கச் சிக்கலாக இருந்தாலும் ஐம்பது ஆண்டுகள் ஓடியது.

1867 பிப்ரவரி 17 அன்று ஆன்ட்ராஷி பிரதமர். ஜூன் 8 அன்று இந்தத் தேவாலயத்தில் முடிசூட்டு விழா. பாலட்டீன் பதவியில் அப்போது யாரும் இல்லை. பாலட்டீன் செய்ய வேண்டிய சடங்கைப் பிரதமர் ஆன்ட்ராஷி செய்தார்: தலைமைப் பேராயர் ஷிமோரோடு சேர்ந்து மணிமுடியை எடுத்து ஃபிரான்ஸ் யோசேஃப்பின் தலையில் வைத்தார். சேச்செனி சொன்ன வார்த்தை இப்படிப் பலித்தது. இசை ஃபிரான்ஸ் லிஸ்ட்டுடையது. பின்பு அரசர் பாலம் கடந்து பெஸ்ட் கரையில், நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும் கொண்டுவந்த மண்ணால் எழுப்பிய மேட்டில் குதிரையில் ஏறி நான்கு திசையிலும் வாளை வீசினார்.

அரச தம்பதிக்கு நாடு கொடுத்த பொற்காசு அன்பளிப்பை, 1848–49 போரில் இறந்த ஹங்கேரிய வீரர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். அரசரை எதிர்த்து இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசரின் பரிசு! தேவாலயத்தின் வண்ணச் சுவர்களைப் பார்த்தபடி இதைத்தான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் மகிழவில்லை. நாடுகடந்து வாழ்ந்த கோஷூத் அந்த மே மாதம் டேயாக்குக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், ஹங்கேரியின் விதியை அழியப்போகும் ஒரு பேரரசின் விதியோடு கட்டிவிட்டீர்கள் என்று எச்சரித்தார். இருவருமே தங்கள் அளவில் சரிதான். கோஷூத் ஐம்பது ஆண்டுக்குப் பின்னால் பார்த்தார். ஆன்ட்ராஷிக்கு அடுத்த நாள் காலையில் பள்ளியும் ரயில் பாதையும் நடத்தியாக வேண்டியிருந்தது. அவருடைய ஆட்சியில்தான் 1867இல் யூதர்களுக்குச் சம குடியுரிமை வந்தது, 1868இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது, ஹங்கேரியின் சொந்தப் படையும் அதே ஆண்டில் எழுந்தது. அந்தப் படையின் அமைச்சுப் பொறுப்பையும் அவரே வைத்திருந்தார்.

வெள்ளி, கேடேலே

புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரம். 1867இல் அரச தம்பதிக்கு நாடு கொடுத்த மாளிகை. அரசி எலிசபெத், அதாவது சிசி, இங்கே தங்குவதை மிகவும் விரும்பினார். வழிகாட்டிகள் எல்லோரும் சிசிக்கும் ஆன்ட்ராஷிக்கும் காதல் இருந்ததா என்ற பேச்சுக்கு வந்துவிடுகிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை, எனக்கும் அதில் ஆர்வமில்லை. உண்மையில் நடந்தது அதைவிடப் பெரியது: 1866 ஜூலையில், போர் தோற்ற நேரத்தில், புடாவிலிருந்து அரசி தன் கணவருக்குக் கடிதம் எழுதி, ஆன்ட்ராஷியை நம்புங்கள், பொறுப்பு கொடுங்கள் என்று மன்றாடினார். நம்பக்கூடியவர் என்று ஒரு பெண் சொன்ன அந்தச் சொல் ஒரு பேரரசின் அமைப்பையே மாற்ற உதவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த மாளிகையைச் சோவியத் படைமுகாமாகவும் முதியோர் இல்லமாகவும் பயன்படுத்தினார்கள். 1996இல்தான் மறுபடி திறந்தார்கள். இரவுப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

ஞாயிறு, சராயேவோ

நேற்று பேருந்துக் களைப்பில் எழுதவில்லை. இங்கே அவர் வந்து வேலை பார்த்ததில்லை, ஆனால் அவர் எடுத்த முடிவு இங்கே இறங்கியது. அதனால்தான் வந்தேன்.

1871 அக்டோபரில் வியன்னாவின் பிரதமர் ஹோஹென்வார்ட் செக் மக்களுக்கும் ஹங்கேரிக்குக் கொடுத்ததைப் போன்ற தனி உரிமை தரப் பார்த்தார். ஹங்கேரிப் பிரதமராக ஆன்ட்ராஷி எதிர்த்தார், திட்டம் விழுந்தது. நவம்பரில் பேரரசின் வெளியுறவு அமைச்சர் பதவி அவருக்கு வந்தது. ட்ரெபிஷோவில் எழுதியதை இங்கேயும் எழுத வேண்டியிருக்கிறது: தான் நுழைந்த கதவை அடுத்தவருக்குத் திறக்கவில்லை.

அவருடைய வெளியுறவுக் கொள்கையின் ஆணிவேர் 1849தான். தன் நாட்டை வீழ்த்தியது ரஷ்யப் படை என்பதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. ஸ்லாவ் மக்கள் ரஷ்யாவின் கீழ் ஒன்று சேர்ந்தால் ஹங்கேரி நசுங்கும் என்று பயந்தார். அதனால் துருக்கிப் பேரரசு பால்கனில் நிற்பது நல்லது என்று நினைத்தார். ஹங்கேரி நிரம்பிய படகு, இனி பொன்னை ஏற்றினாலும் சேற்றை ஏற்றினாலும் கவிழும் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1875இல் போஸ்னியாவில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது, டிசம்பர் 30 அன்று அவர் அனுப்பிய குறிப்பு சுல்தானிடம் சமய உரிமையும் வரிச் சீர்திருத்தமும் கேட்டது. நிலம் கேட்கவில்லை.

ஆனால் ரஷ்யாவோடு நடந்த போரில் துருக்கி தோற்றது. 1878 மார்ச் 3 அன்று, ஆன்ட்ராஷியின் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளில், சான் ஸ்டெஃபானோ ஒப்பந்தம் மூலம் ரஷ்யா ஒரு பெரிய பல்கேரியாவை உருவாக்கியது. அதை உடைக்கத்தான் பெர்லின் மாநாடு. ஜூன் 13இலிருந்து ஜூலை 13 வரை நடந்தது. ஜூன் 28 அன்று போஸ்னியா விவகாரம் மேசைக்கு வந்தது. பிரிட்டனின் சாலிஸ்பரி எழுந்து, போஸ்னியா–ஹெர்சகோவினாவில் ஆஸ்திரியா–ஹங்கேரி படை வைத்து நிர்வகிக்கட்டும் என்று முன்மொழிந்தார். ஆன்ட்ராஷி முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்தது அது. படகு நிரம்பியது என்றவரே ஏற்றிக்கொண்டார். எடுக்காவிட்டால் செர்பியா எடுக்கும் என்ற பயம் ஒரு பக்கம். லோம்பார்டியையும் வெனீஸையும் இழந்த பேரரசருக்கு ஏதாவது நிலம் வேண்டும் என்ற ஆசை மறுபக்கம். சொந்தமாக்கிக்கொள்ளாமல் ‘நிர்வாகம்’ என்று மட்டும் வாங்கியதில் அவருடைய பழைய நிதானம் கொஞ்சம் தெரிகிறது. கடைசி நாளில் துருக்கித் தூதர்களுக்கு ஒரு ரகசிய உறுதியும் எழுதிக் கொடுத்தார்: சுல்தானின் இறைமை போகாது, இது தற்காலிகம்தான் என்று.

சில குதிரைப்படையும் ஒரு வாத்தியக்குழுவும் போதும், போஸ்னியா அமைதியாக ஏற்றுக்கொள்ளும் என்று அவர் நம்பியதாகச் சொல்வார்கள். மஞ்சள் கோட்டை மேட்டில் நின்று நகரத்தைப் பார்த்தால் அந்த நம்பிக்கை எவ்வளவு தொலைவில் இருந்தது என்று தெரிகிறது. கீழே கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு, சுற்றி மலை, குறுகிய சந்துகள். இங்கே முஸ்லிம் மக்கள் தெருத் தெருவாக எதிர்த்து நின்றார்கள். தளபதி ஃபிலிப்போவிச்சின் படை 1878 ஆகஸ்ட் 19 அன்று நகரத்தைப் பிடித்தது. நாடு முழுதும் அடங்க இலையுதிர்காலம் ஆகிவிட்டது. மேலும் மேலும் படைகளை அனுப்ப வேண்டியதாயிற்று, எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. பேரரசுப் படையில் இறந்தவரும் காயமடைந்தவருமாக ஏறத்தாழ ஐயாயிரம் பேர். எதிர்த்து இறந்த ஊர்க்காரர்களும் நிறைய. செலவு பொறுக்காமல் ஹங்கேரியின் நிதியமைச்சர் காலமான் ஸேல் பதவி விலகினார்.

எனக்கு இதில் மிகவும் கசப்பது வேறு. 1849இல் எந்தத் துருக்கியின் வாசலில் போய் உதவி கேட்டாரோ, அந்தத் துருக்கியின் மண்ணை 1878இல் எடுத்தார். தோற்ற ஹங்கேரியர்களை அன்று அடைக்கலம் கொடுத்து வைத்திருந்தது துருக்கிதான். ஹங்கேரிய மக்கள் அதை மறக்கவில்லை. 1877இல்கூட சுல்தான் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் பழைய ஹங்கேரிய அரசர் நூலகத்தின் கையெழுத்துச் சுவடிகள் 35ஐத் திருப்பி அனுப்பினார், மாணவர்கள் கொண்டாடினார்கள். ஆன்ட்ராஷி மக்கள் மனதை விட வரைபடத்தைப் பார்த்தார்.

காஸி ஹுஸ்ரேவ் பே மசூதி முற்றத்தில் கொஞ்ச நேரம் இருந்தேன். 1879 ஏப்ரல் ஒப்பந்தப்படி வெள்ளிக்கிழமைத் தொழுகையில் சுல்தானின் பெயரைச் சொல்லலாம், வழக்கமுள்ள இடங்களில் மினாரில் துருக்கிக் கொடியும் ஏற்றலாம். வியன்னா அதிகாரி ஆள்கிறார், தொழுகையில் இஸ்தான்புல்லின் பெயர். போஸ்னியாவை ஆஸ்திரியாவோடு சேர்ப்பதா ஹங்கேரியோடு சேர்ப்பதா என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டுக்கும் பொதுவான நிதி அமைச்சகத்திடம் ஒப்படைத்தார்கள்! 1908இல் வெளியுறவு அமைச்சர் ஏரன்தால் இந்தக் குழப்பத்தை முடிக்கப்போய் நாட்டை அப்படியே இணைத்துக்கொண்டார். லத்தீன் பாலத்தருகே பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்டது 1914 ஜூன் 28. சாலிஸ்பரி முன்மொழிந்த நாளிலிருந்து சரியாக முப்பத்தாறு ஆண்டு.

இரவு சின்னச் செம்புக் குவளையில் போஸ்னியக் காப்பி. ஆற்றங்கரையில் பழைய நகர மன்றம் விளக்கொளியில் நிற்கிறது. ஆஸ்திரியர்கள் கட்டிய அந்தக் கட்டடம் 1992 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்தது, உள்ளே இருந்த தேசிய நூலகத்தின் நூல்களும் எரிந்தன. 2014இல் மீண்டும் திறந்திருக்கிறார்கள்.

திங்கள், வியன்னா

பால்ஹவுஸ்பிளாட்ஸ் 2. அரண்மனைக்கு எதிரே, ஹில்டபிராண்ட் கட்டிய கட்டடம். மெட்டர்னிக் இங்கே இருந்தார், 1814–15 வியன்னா மாநாடு இங்கே நடந்தது. இன்று ஆஸ்திரியப் பிரதமரின் அலுவலகம். உள்ளே விடமாட்டார்கள். எதிர்ப்பக்கத் தோட்டத்து இருக்கையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

1879 செப்டம்பரில் பிஸ்மார்க் வியன்னா வந்தார். ரஷ்யாவுக்கு எதிராக மட்டுமல்ல, பிரான்சுக்கு எதிராகவும் கூட்டணி வேண்டும் என்றார். ஆன்ட்ராஷி அசையவில்லை. ரஷ்யா தாக்கினால் ஒருவருக்கொருவர் முழு பலத்தோடு உதவுவோம், வேறு யாராவது தாக்கினால் நட்பான நடுநிலை, அவ்வளவுதான். பிஸ்மார்க் எழுந்து நெருங்கி வந்து, என் வரைவை ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால்... என்று மிரட்டும் குரலில் தொடங்கி, இல்லாவிட்டால் உங்களுடையதை நான் ஏற்க வேண்டியிருக்கும் என்று சிரித்தபடி முடித்ததாக ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, ஒப்பந்தத்தில் நின்றது ஆன்ட்ராஷியின் வரைவுதான். அக்டோபர் 7 அன்று ஜெர்மானியத் தூதர் இளவரசர் ராய்ஸும் அவரும் கையெழுத்திட்டார்கள். அந்த வாரத்திலேயே ஆன்ட்ராஷி பதவியை விட்டு இறங்கினார். ஐந்தே பிரிவுகள் கொண்ட அந்தத் தாளை 1888 வரை ரகசியமாக வைத்திருந்தார்கள்.

புதுப்பித்துப் புதுப்பித்து அந்த ஒப்பந்தம் முதல் உலகப் போர் வரை வந்தது. அதன் மேல் இத்தாலியோடு இன்னொரு ஒப்பந்தம் கட்டினார்கள், எதிர்ப்பக்கம் பிரான்சும் ரஷ்யாவும் கை கோத்தன. தற்காப்புக்காக எழுதிய வரிகள் 1914 கோடையில் தாக்குதலுக்குத் துணையாக நின்றன. ஆன்ட்ராஷி அதை நினைத்து எழுதவில்லை என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனாலும் கையெழுத்து அவருடையது.

அவருடைய இளைய மகன் பெயரும் ஜூலா. 1918 அக்டோபர் 24 அன்று, பேரரசு சிதறிக்கொண்டிருந்த நாட்களில், இதே கட்டடத்தில் அவர் வெளியுறவு அமைச்சரானார். பெரியவர் உட்கார்ந்த பதவியில் உட்கார்ந்து, சில நாட்களிலேயே அமெரிக்க அதிபர் வில்சனுக்குத் தனிச் சமாதானம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினார். அத்தோடு ஜெர்மனியுடனான கூட்டணி முடிந்தது. அப்பா இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, முப்பத்தொன்பது ஆண்டு கழித்து இங்கிருந்தே மகன் முறித்தார். நவம்பர் தொடக்கத்தில் அவரும் பதவி விலகினார்.